பனிச்சரிவு வருமா? கவனித்தால் தெரியும்

காஷ்மீரின் குல்மார்கில் கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏறி அபர்வட் மலைக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள், மீட்புக் காவலர்கள் கண்காணிக்கும் தடத்தை விட்டு விலகும் முன் நின்று சுற்றியுள்ள சரிவுகளைப் பாருங்கள். பனி புதிதாகச் சரிந்த தடம் தெரிகிறதா? அதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை. அதே திசை பார்த்த, அதே சாய்வுள்ள இன்னொரு சரிவும் உங்கள் எடைக்கே பெயரலாம்.

அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கால் வைத்ததும் அடியிலிருந்து 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால், உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்குகிறது. சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலும் அதே கதைதான். உடனே சாய்வு குறைந்த, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத இடத்துக்கு விலகிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற பேச்சே வேண்டாம்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் தொடங்குகின்றன. ஊன்றுகோலைப் பனிமேல் சரிவாகக் கிடத்தி, அதன்மேல் போனை வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். கனத்த பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் வானம் பளிச்சென்று ஆசை காட்டும். ஆபத்து மிகுந்த நேரமும் அதுவே. காற்று பனியை அள்ளிக் கொட்டும் முகட்டின் மறுபக்கத்தை அன்று தவிர்த்துவிடுங்கள்.

பார்த்ததை நேரம், உயரம், திசையோடு குறித்து, மீட்புக் காவலர்களிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.