அம்மாவின் முழங்கையை அளந்து போட்ட மேடை

சமையலறையைப் புதுப்பித்தபோது நடுவில் தனி மேடை வேண்டுமென்று எனக்கு ரொம்ப ஆசை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தேன். நிற்க ஒன்றரை அடிதான் மிச்சம். மூன்றரை அடியாவது வேண்டும். சரி, அது வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

பெரிய தொல்லை உயரம்தான். பழைய மேடை 34 அங்குலம். அம்மா குள்ளம், சப்பாத்தி தேய்க்கத் தோளைத் தூக்கி, நுனிக்காலில் எம்பி நிற்பார். இரவில் தோள்பட்டை வலி. கையை மடக்கி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன்: 35. அதில் 5 கழித்து, ஜன்னலோரம் நாலடி நீளத்துக்கு மட்டும் 30 அங்குலத்தில் மேடை போட்டோம். கிரானைட் கனத்தையும் சேர்த்துத்தான் அந்த 30. கொத்தனாரிடம் இதை இரண்டு முறை சொன்னேன். இப்போது அம்மா பாதம் பதித்து நின்று தேய்க்கிறார்.