மெட்டு ஏறும் காருக்குப் பின்புறச் சைக்கிள் கேரியரும் ஹிட்ச்சும்

போடியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் ஏறிக் கடந்து, போடிமெட்டில் சைக்கிளை இறக்கிக் கேரளத்தின் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே மிதித்துப் போகும் பழக்கம் இந்தப் பகுதியில் பரவி வருகிறது. அதற்காகக் காரின் பின்புறம் மாட்டும் கேரியரை வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் அதன் விலை என்ன, எத்தனை சைக்கிள் தாங்கும் என்ற இரண்டை மட்டுமே கேட்கிறார்கள். ஆனால் தேர்வு தொடங்க வேண்டிய இடம் கடை அன்று. உங்கள் காரின் பின்பகுதிதான். அது எவ்வளவு எடையைத் தாங்கும், எவ்வளவு அகலத்தை மறைக்கும், எங்கே கொக்கியை ஏற்கும் என்பவை தெரிந்த பிறகே கேரியரைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துச் சைக்கிளின் முழு நீளத்தையும் காரின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்புறக் கேரியரில் சைக்கிள் குறுக்காகவே நிற்கும் என்பதால் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 29 அங்குலச் சக்கரம் கொண்ட மலைச் சைக்கிளில் இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 115 செ.மீ. இருக்கும், டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 74 செ.மீ.; ஆக முழு நீளம் 189 செ.மீ. வரை வந்துவிடும். மாருதி ஸ்விஃப்ட் காரின் அகலம் 173.5 செ.மீ. மட்டுமே. நட்டநடுவில் மாட்டினாலும் இருபுறமும் ஏழெட்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கேரியர் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கூடும். ஏலத்தோட்ட வேலை முடிந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மாலையில் இறங்கும் ஜீப்புகளுக்கு வளைவில் ஒதுங்கி வழிவிடும்போது, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத அந்த ஏழெட்டு செ.மீ.தான் பாறையிலோ எதிர் வண்டியிலோ உரசும். தவிர, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டால் நீளம் ஒரேயடியாகக் குறைந்துவிடும் என்பதால், சிறிய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சக்கரத்தைக் கழற்றிய நிலையிலும் சைக்கிளைப் பிடிக்கக்கூடிய கேரியரையே தேட வேண்டும்.

அடுத்தது எடை. 18 கிலோ கேரியரில் 15 கிலோ எடையுள்ள இரண்டு சைக்கிள்களை ஏற்றினால் மொத்தம் 48 கிலோ. காருக்குள் ஓர் ஆள் கூடுதலாக ஏறியதைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 48 கிலோவும் பின் அச்சுக்குச் சுமார் 120 செ.மீ. பின்னால் தொங்குகிறது. ஸ்விஃப்ட்டின் இரு அச்சுகளுக்கும் இடையே 245 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், நெம்புகோல் விதிப்படி பின் அச்சின் மீது ஏறக்குறைய 72 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து 24 கிலோ குறையும். இந்தக் காரை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்களே என்பதால், மழை நனைத்த கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது அந்த 24 கிலோ இழப்பை ஓட்டுபவர் உணர்வார். எனவே கனமான பைகளை டிக்கியில் வைக்காமல் பின் இருக்கையின் காலடியில் வைப்பதும், முகப்பு விளக்கின் உயரத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் அதை ஒரு படி இறக்குவதும் அவசியம். மின்சார சைக்கிள் என்றால் ஒன்றே 20 முதல் 25 கிலோ இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிடுங்கள்.

இனிக் கேரியர் வகைகளுக்கு வருவோம். ஹிட்ச் என்பது கேரியரை மாட்டுவதற்காகக் காரின் பின்புற அடியில் பொருத்தும் இரும்பு இணைப்பு. அது தேவைப்படாத எளிய வகை, பட்டைகளால் டிக்கிக் கதவில் கட்டப்படுவது. ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்பது இந்த வகையின் பொதுவான வரம்பு. கொக்கிகள் பற்றும் விளிம்பு உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ கண்ணாடி விளிம்பிலோ மாட்டக்கூடாது. விலை குறைவு, காரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பவை இதன் நன்மைகள். சைக்கிள் தாழ்வாகத் தொங்குவதும், குலுங்கக் குலுங்கப் பட்டைகள் தளர்வதும் இதன் குறைகள். ஒரு பயணத்தில் என் மகனுடைய சைக்கிளின் பின்சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு சாண் தூரத்தில் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. ஏற்றம் முழுவதும் தாழ்ந்த கியரில் ஏறிய காரின் சூட்டில் டயரின் பக்கச்சுவர் இளகிக் கொப்பளித்துவிட்டது; மெட்டில் இறக்கிய பிறகுதான் கண்டோம், அன்று அவன் மிதிக்கவே முடியவில்லை. எந்த வகைக் கேரியரானாலும், சைக்கிளை மாட்டியதும் குனிந்து சைலன்சர் வாயைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹிட்ச்சில் பொருத்தும் வகை உறுதியானது. சைக்கிளை ஏற்றி இறக்குவதும் எளிது. ஆனால் நம் நாட்டில் இதன் கடினமான பகுதி ஹிட்ச்தான். சேசிஸில், அதாவது காரின் அடிக்கட்டமைப்பில், ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு, அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட ஹிட்ச்சை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள், விலையும் பாதிதான் இருக்கும். வெல்டிங் சூடு சேசிஸின் மெல்லிய எஃகைப் பலவீனப்படுத்தும். ஒவ்வொரு குழியிலும் எடை மேலும் கீழும் ஆடும்போது அந்த இணைப்பின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். காரின் கையேட்டில் ஹிட்ச் முனை தாங்கும் செங்குத்துச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். ஐரோப்பியக் கார்களில் 75 கிலோ என்பது அடிக்கடி காணப்படும் அளவு. அப்படி ஓர் அளவே தரப்படவில்லை என்றால், அந்தக் காருக்கு ஹிட்ச் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

சட்டத்தையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் நாம் மாநில எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிறோம். கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 182அ பிரிவு இடம் தருகிறது. ஆகவே தயாரிப்பாளரின் துணைப்பொருள் பட்டியலில் உங்கள் காருக்கு ஹிட்ச் இருக்கிறதா என்று விற்பனையகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் மெட்டு ஏறுபவருக்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை. பட்டைக் கேரியரோ, இருக்கையை மடித்துச் சைக்கிளை உள்ளேயே கிடத்துவதோ போதும்.

முறையான ஹிட்ச் கிடைத்தால், அதன் முனை எப்படிப்பட்டது என்று பார்த்தே கேரியரை வாங்க வேண்டும். அமெரிக்க முறையில் சதுரக் குழாய் இருக்கும். அதன் உள்ளளவு ஒன்றேகால் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம். ஐரோப்பிய முறையில் 50 மி.மீ. உருண்டைத் தலை இருக்கும். ஒன்றுக்கானது மற்றொன்றில் பொருந்தாது. குழாயை நீட்டிக்கும் துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை தாங்குதிறனைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சைக்கிளைப் பிடிக்கும் விதத்தில், சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) மேல்குழாயைத் தாங்கித் தொங்கவிடும் கேரியர் இலகுவானது, மலிவானது. ஆனால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசும், பெண்கள் சைக்கிளுக்குத் தனிக் குறுக்குக் கம்பி வேண்டும். சக்கரங்களைத் தட்டில் நிறுத்திப் பிடிக்கும் மேடைக் கேரியர் கனமானது, விலையும் கூடுதல். இருந்தாலும் வளைவுக்கு வளைவு சாயும் பாதைக்கு நான் பரிந்துரைப்பது இதையே. கார்பன் சட்டம் கொண்ட சைக்கிள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். மேல்குழாயை இறுக்கும் கவ்வி அதை நொறுக்கிவிடக்கூடும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையுமா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்றினால் மீண்டும் பயன்படுத்த முடியாத பூட்டுகளால் பொருத்தப்படுவதால், அதைக் கேரியருக்கு இடம் மாற்ற வழியில்லை. எனவே அதை மறைக்காத உயரத்தில் சைக்கிளை நிறுத்தும் கேரியரே நமக்கு உதவும். விளக்குகள் மறைந்தால், தனி விளக்குப் பலகை உள்ள கேரியர் வேண்டும். அதன் இணைப்பைக் காரின் வயரை வெட்டிக் கொடுக்காமல், அந்த மாடலுக்கான வயர்த் தொகுதி மூலமாகவே கொடுக்க வேண்டும். மெட்டில் மூடுபனி இறங்கும்போது பின்னால் வரும் லாரிக்கு உங்கள் பிரேக் விளக்கு ஒன்றுதான் அடையாளம்.

வாங்கும் முன் கேரியரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சதுரக் குழாய்க்குள் ஆட்டம் இருந்தால், அதை இறுக்கும் திருகு போல்ட் அதிலேயே உள்ளதா என்று கேளுங்கள். முதல் பயணத்தில் மலையடிவாரத்து முந்தலில் ஒரு முறையும் போடிமெட்டில் ஒரு முறையும் வண்டியை நிறுத்தி, கேரியரை ஹிட்ச்சோடு பூட்டும் ஊசியையும் அதன் கிளிப்பையும், பட்டைகளையும், சக்கரப் பிடிகளையும் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். இறங்கும்போதும் இதையே செய்யுங்கள், ஏனெனில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சைக்கிள்கள் காரை நோக்கித் தள்ளப்படும். ஏற்றத்தில் இறுக்கமாக இருந்த பட்டை அப்போதுதான் தொளதொளக்கும்.