கடலோரத்திலிருந்து இமயமலைக்கு: 12 வாரத் தயாரிப்பு

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு இமயமலை நடைக்குத் தயாராகிறவர்களுக்கு மேடு இல்லாததுதான் பெரிய குறையாகத் தெரியும். கால்களை இங்கேயே நன்றாகப் பழக்கிவிடலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்கத்தான் இங்கே வழியில்லை. அதை அங்கே போய், நாள் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் நல்ல ஓட்டக்காரர்கள்கூட 3,500 மீட்டரில் தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு மாடிப்படி போதும். நான்கு மாடி ஏறினால் சுமார் 12 மீட்டர். 25 முறை ஏறினால் 300 மீட்டர். முதல் மூன்று வாரம் சுமையில்லாமல் 10 முறை, வாரத்துக்கு மூன்று நாள். நான்காம் வாரம் முதுகுப்பையில் 4 கிலோ. ஒன்பதாம் வாரத்துக்குள் 8 கிலோவும் 25 முறையும் வந்துவிட வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சுமைக்குத் தண்ணீர் பாட்டில் வையுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. நடுவில் முழங்கால் வலித்தால் தண்ணீரை மொட்டை மாடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஆனால் ஒன்பதாம் வாரத்திலிருந்து பதினொன்றாம் வாரம்வரை சுமையோடுதான் இறங்க வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அது பழகாதவர்களுக்கு மலையில் இரண்டாம் நாளே தொடை நடுங்கும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை மெதுவாக வைத்து இறங்குங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பது கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது. ஆனால் ஏற்றக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை இருக்கிறது: புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 240 மீட்டர். சாப்பாட்டைக் கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும், பைக்குள் வையுங்கள். பத்தாம் வாரம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறிப் பாருங்கள். அங்குள்ள கடப்பாறைப் படியும் (பாறையில் கடப்பாறை அடித்து அமைத்த படி) இரும்பு ஏணியும் உயர பயம் இருக்கிறதா என்று காட்டிவிடும். கடைசி வாரம் லேசான நடை மட்டும்.

பூட்ஸ் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல பூட்ஸ்களின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். கடற்காற்றின் ஈரப்பதத்தில் அது பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் சிதையும். வெளியே புதிதாகத் தெரியும் பூட்ஸ், மலையில் திடீரென்று அடி கழன்று வந்துவிடும். சில வருடம் கிடந்த ஜோடியை அடிப்பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசலோ உதிர்வோ இருந்தால் எடுத்துப் போகாதீர்கள். புதிது வாங்கினால் அரை அளவு பெரிதாக வாங்கி, பயிற்சி முழுவதும் அதையே போடுங்கள். சரியான அளவென்று இறுக்கமாக வாங்கினால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

உயரத்துக்கு வருவோம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒத்துவராத பயணத் திட்டம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அசிட்டசோலமைடு மாத்திரை (உயரத்தால் வரும் நோயைத் தடுக்க வழக்கமாக 125 மி.கி., இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து) வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் சேர்ந்தால் அங்கேயே தங்குங்கள், மேலே போகாதீர்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திருக்காமல் துணையோடு உடனே இறங்க வேண்டும்: குறைந்தது 300 மீட்டர், குணம் தெரியாவிட்டால் 1,000 மீட்டர்வரை.