இத்தாலியச் சிற்பத்தை விரலில் தொடங்கிப் பாருங்கள்

ராயபுரத்தில் கிறிஸ்தவக் கோயில் சுரூபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, வண்ணம் அடிப்பது என் தொழில். திருவிழாவுக்கு முன்னால் எந்தச் சுரூபம் வேலைக்கு வந்தாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பேன். உடைவது பெரும்பாலும் அங்கேதான். கடற்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பினால் விரல் வெடித்துவிடும். இத்தாலியச் சிற்பங்களையும் நான் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பார்க்கிறேன். முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். கையில் தொடங்குங்கள்.

மைக்கேலாஞ்சலோவின் பியத்தாவை எடுத்துக்கொள்வோம். இறந்த இயேசுவை மாதா மடியில் கிடத்தியிருக்கும் சிற்பம். இதன் நகலை நம் ஊர்க் கோயில்களிலும் பார்த்திருப்பீர்கள். அசல் வத்திக்கானில், புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. 1498-99இல் கராரா சலவைக்கல்லில் செதுக்கியது. போனில் படத்தைப் பெரிதாக்கி மாதாவின் வலது கைக்கு வாருங்கள். மகனின் அக்குளுக்குக் கீழே தாங்கிப் பிடித்திருக்கிறது. விரல் நேராக உடம்பில் படவில்லை, நடுவில் துணி. அதையும் மீறி விரல் அழுத்தும் இடத்தில் சதை பிதுங்குகிறது. உயிர் போன உடம்பின் கனம் முழுக்க அங்கே தெரியும். இடது கையோ எதையும் பிடிக்கவில்லை, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு முகத்துக்குப் போனால், அங்கே ஏன் கண்ணீர் இல்லை என்று கேட்கத் தோன்றாது.

1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததில் இந்த மாதாவின் கையும் மூக்கும் உடைந்தன. சரிசெய்து இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். விரல் ஒட்டுகிற வேலை செய்கிறவனுக்கு அதை நினைத்தாலே வயிற்றைப் பிசையும்.

கை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றால், அபயக் கை என்ன சொல்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். அங்கே கை ஒரு முத்திரை. இத்தாலியச் சிற்பத்தில் அப்படித் தேடினால் பெரும்பாலும் ஏமாறுவீர்கள். எதைத் தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள்.

இதற்கு இத்தாலியச் சிற்பி பெர்னினியை விட்டால் ஆள் இல்லை. ரோமின் போர்கேஸே அருங்காட்சியகத்தில் இருக்கிற 'அப்பல்லோவும் டாஃப்னியும்' 1622-25இல் செய்தது. ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை. துரத்திவரும் தேவன் அப்பல்லோவிடமிருந்து தப்பிக்க டாஃப்னி என்ற பெண் தன் தகப்பனான ஆற்றுத் தேவனைக் கூப்பிடுகிறாள், மரமாகிறாள். அப்பல்லோவின் கை அவள் இடுப்பை எட்டிவிட்டது, ஆனால் அதற்குள் மரப்பட்டை குறுக்கே வந்துவிட்டது. அவள் விரல் நுனிகளில் இலை துளிர்க்கிறது. கம்பி இல்லாமல், கல்லை இவ்வளவு மெல்லிசாக இழைத்திருக்கிறார்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல் பின்பக்கம், பக்கவாட்டு என்று நாலு கோணத்தில் தேடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் இலவசமாகக் கிடைக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஓடுகிற ஆண்தான் பெரிதாகத் தெரிவான். சுற்றி வர வர மரம் வளரும்.

ஓவியத்துக்கும் இதே வழிதான், கூடவே வெளிச்சத்தையும் பாருங்கள். கரவாஜியோ 1599-1600இல் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கிறது. வரிதண்டுபவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, வலது ஓரத்தில் இயேசு, அவர்களில் ஒருவரான மத்தேயுவைச் சீடராக அழைத்துக் கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலேயிருந்து வெளிச்சம் அந்தக் கையோடு சேர்ந்தே மேசைக்குப் போகிறது. சரி, இப்போது வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு துவளும் விதம் அப்படியே அதுதான்.