நாய்க்குட்டி வெளியே சுற்றிவிட்டு வீட்டு மிதியடியில் உச்சா போகிறதா?

முக்கால் மணி நேரம் தெருவெல்லாம் நடந்தாயிற்று. ஒரு சொட்டு போகவில்லை. வீட்டுக்குள் வந்து செயினைக் கழற்றியதும் நேரே மிதியடிக்குப் போய்க் குந்துகிறது. எங்கள் மணி மூன்று வாரம் இதைத்தான் செய்தான். “வேணும்னே பண்றான்” என்றார் அம்மா. தப்பு என்மேல்தான். வெளியே அவன் போய் முடித்த மறு நொடி “வேலை முடிஞ்சுது, வா” என்று வீட்டுக்கு இழுத்து வந்துகொண்டிருந்தேன். போனால் ஊர் சுற்றல் முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டு அடக்கப் பழகிவிட்டான்.

(தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பார்வோ என்கிற கொடிய வாந்திபேதி நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அதுவரை சொந்த வாசலோ மாடியோ போதும்.)

படி 1: மூன்று நாள் நேரத்தைக் குறித்து வையுங்கள். குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் அடக்கும், மிஞ்சினால் இன்னும் ஒரு மணி என்பது பொதுக் கணக்கு. தூங்கி எழுந்ததும், ஆடி ஓய்ந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள்ளும் பெரும்பாலும் வரும்.

படி 2: தினமும் ஒரே மூலை. மண்ணோ புல்லோ இருக்கட்டும். செயினைக் குட்டையாகப் பிடித்து, பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தை வட்டமடித்தால் வரப்போகிறது என்று அர்த்தம். (பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு தெற்காக நின்று போகின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது, அதற்கு மறு வருடம், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். மணி சாக்கடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் நிற்கிறான்.)

படி 3: முடித்த கையோடு, அங்கேயே ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்கு வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குத்தான் கறி என்று நினைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் நடை. குறைந்தது பத்து நிமிடம்.

படி 4: போகவில்லையா? வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், ஆனால் செயினைக் கழற்ற வேண்டாம். உங்கள் காலடியிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து, மறுபடி அதே மூலைக்கு. முதல் நாள் நான் நான்கு தடவை மாடிப்படி ஏறி இறங்கினேன். நாலாவது தடவை போனான். எங்களுக்குப் பலித்தது இந்தப் படிதான்.

படி 5: வீட்டுக்குள் போன இடத்தில் பினாயில் வாசம் நமக்குத்தான் சுத்தம், பழைய வாடை அதன் மூக்குக்குத் தெரியும். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரால் (மூத்திரத்தைச் சிதைத்து வாடையை நீக்கும் திரவம்) துடையுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதுவே மூத்திர வாடைதான். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தால், நீங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கட்டிலுக்கடியில் போகும், அவ்வளவுதான்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போனாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியும் ஒன்றுமே வரவில்லையென்றால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.