சுக்கு பிஸ்கட் டப்பாவில் நமத்துப் போவது ஏன்?

தீபாவளி நெருங்கினால் போதும், புதிதாக ஓவன் வாங்கியவர்களிடமிருந்து ஒரே புகார்தான் வரும்: "அக்கா, செஞ்ச அன்னிக்கு மொறுமொறுன்னு இருந்துச்சு, மூணாம் நாள் நமத்துப் போச்சு." நாட்டுச்சர்க்கரை, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் மிளகு சேர்த்துச் செய்கிற இனிப்பு குறைந்த பிஸ்கட்டைத்தான் சொல்கிறேன். பக்குவமாகச் செய்தால் இரண்டு, மூன்று வாரம் தாராளமாக நிற்கும். நமத்துப் போகக் காரணமாக நான் கீழே சொல்கிற தவறுகள் எல்லாம் ஆரம்பத்தில் நானும் செய்தவைதான். ஓவனைச் சூடாக்காமல் தட்டை வைப்பது மாதிரியானவை ஓரிரு முறையில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

நிறத்தை நம்பி எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் போட்ட பிஸ்கட் என்றால், ஓரம் பொன்னிறமானதும் வெந்துவிட்டது என்று ஓரளவு சொல்லலாம். கோதுமை மாவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்தால் பச்சை மாவே பழுப்பாகத்தான் இருக்கும். சோடா உப்பு கொஞ்சம் கூடிவிட்டால் இன்னும் மோசம். உள்ளே வேகும் முன்பே மேலே கருக்கும்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர், தீபாவளிக்கு ஐந்து கிலோ ஆர்டர் எடுத்தார். கருகிவிடுமோ என்ற பயத்தில் 180 டிகிரியில் வைத்து 12 நிமிடத்திலேயே எடுத்துவிட்டார். ஆறியதும் ஓரத்தைக் கடித்துப் பார்த்திருக்கிறார், நன்றாக மொறுமொறுத்தது. அந்த நம்பிக்கையில் பேக் செய்துவிட்டார். நடுவில் தங்கியிருந்த ஈரம் டப்பாவுக்குள் மெல்ல ஓரம்வரை பரவிவிட்டது. வெண்ணெயும் முந்திரியும் இரவெல்லாம் பட்ட பாடும் போக, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 110 டிகிரியில் இன்னும் கால் மணி நேரம் உலரவிட்டிருந்தால் அத்தனையும் தப்பியிருக்கும்.

அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, 160 டிகிரியில் 20 நிமிடம் வேகவிடுங்கள். அப்புறம் சூட்டை 110-க்குக் குறைத்து மேலும் 10, 15 நிமிடம். ஒன்றை எடுத்து முழுதாக ஆறவிட்டு, நட்டநடுவில் உடைத்துப் பாருங்கள். உள்ளே கருத்த கோடு மாதிரி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தட்டு மறுபடி உள்ளே போக வேண்டும்.

தராசு இருந்தால் சந்தேகமே வேண்டாம். 200 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 70 கிராம் நாட்டுச்சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்தால் ஏறக்குறைய 400 கிராம் வரும். அது வெந்து உலர்ந்த பிறகு 345 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 365 காட்டினால், நிறம் என்னவாக இருந்தாலும் சரி, டப்பாவில் போடாதீர்கள்.

இனிப்பைக் குறைத்துவிட்டுப் பால் ஊற்றுவது

சர்க்கரை கரைந்து மாவை இளக்கும். அதைக் குறைத்தால் மாவு உதிரத்தான் செய்யும். உடனே பாலை ஊற்றிச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைகிறார்கள். பிஸ்கட் கடினமாகிறது, வற்ற வேண்டிய ஈரமும் கூடுகிறது. இருபது நிமிடம் மூடி வைத்தால் கோதுமை மாவு ஊறித் தானாகச் சேரும். அப்படியும் உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள்.

வீட்டு வெண்ணெயை அப்படியே போடுவது

கடை வெண்ணெயிலேயே 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் உண்டு. வீட்டில் கடைந்ததில் மோரும் தங்கியிருக்கும். அதை நெய்யாகக் காய்ச்சிச் சேருங்கள். தண்ணீர் போய்விடுவதால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய் போதும்.

பச்சை இஞ்சி

வேண்டாம். சுக்குதான்.

சூட்டோடு மூடுவது

கூடவே கூடாது.

கேக்கோடு ஒரே டப்பாவில் வைப்பது

கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்துக்கொள்ளும். இரண்டும் கெட்டுப்போகும். நாட்டுச்சர்க்கரை காற்றின் ஈரத்தையும் இழுக்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அதனால் தினமும் எடுக்க ஒரு சின்னச் சம்படம் தனியாக வையுங்கள். அது காலியானால் மட்டும் பெரியதைத் திறந்தால் போதும்.