தக்காளிக் காய்ப்புழு: மருந்தடிக்கும் நாளைப் பொறி சொல்லும்

காய்க்குள் புழு புகுந்துவிட்டால் மருந்து தோலோடு நின்றுவிடும். முட்டை பொரிக்கிற நாளைப் பிடிக்க வேண்டும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி அதற்குத்தான். ஆண் அந்துப்பூச்சி மட்டுமே அதில் விழும், முட்டையிடும் பெண் வெளியேதான் இருக்கும். ஏக்கருக்கு 5 பொறி வைத்ததோடு புழு ஒழிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பூ எடுக்கும் முன்பே புனல் பொறிகளைக் குச்சியில் கட்டுங்கள். செடி நுனிக்கு ஓர் அடி மேலே நிற்கட்டும். செடி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள். பூச்சி விழ, புனலுக்குக் கீழே தொங்கும் பையின் அடிவாயை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். பொறிக்குள் வைக்கும் வாசனைத் துண்டுதான் லூர். காய்ப்புழுவுக்கான ஹெலிகோவெர்பா லூர்தானா என்று பார்த்து வாங்குங்கள். வேறொரு புழுவுக்கான புரொடீனியா லூரைத் தொட்ட கையோடு இதைத் தொட்டால் வாசனை கலந்துவிடும்.

தினமும் காலையில் எண்ணிவிட்டுப் பையைக் காலி செய்து, நோட்டில் குறியுங்கள். கண்ட பூச்சியையும் எண்ணக் கூடாது. வெளிறிய முன்சிறகின் நடுவே ஒரு கரும்புள்ளி, வெளுத்த பின்சிறகின் ஓரத்தில் கரும்பட்டை: இதுதான் நம் ஆள்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லா லூரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாற்றிய மறுநாள் எண்ணிக்கை குதித்தால் பூச்சி பெருகிவிட்டது என்று பதற வேண்டாம். பழைய லூர் தீர்ந்துபோயிருந்திருக்கும். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கழற்றிய லூரை வயலில் வீசினால் பூச்சி அதைத் தேடிப் போகும்.

லூர் மாற்றாமலே இரண்டு மூன்று இரவு தொடர்ந்து எண்ணிக்கை ஏறினால் வயலுக்குள் இறங்குங்கள். அங்கங்கே 25 செடியில், உச்சிப் பூங்கொத்துக்குக் கீழே உள்ள இலையை லென்ஸில் பாருங்கள். கசகசாவை விடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில், தனித்தனியாக முட்டை இருக்கும். பொரிக்க 3 முதல் 4 நாள். பழுப்பு வளையம் விழுந்தால் பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. முழுக்கக் கருத்த முட்டையில் அதைத் தின்று அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவி வளர்கிறது. அப்படிப்பட்டவையே அதிகம் என்றால் மருந்துச் செலவு மிச்சம்.

கருக்காத வெளிர் முட்டையே மிகுந்தால், பொரிக்கத் தொடங்கும் நாளில் காய்ப்புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலை ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸை அளக்கும் அலகு) அளவில், 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தோடு கலந்து அடியுங்கள். வெயில் வைரஸைக் கெடுக்கும். மாலையில்தான் அடிக்க வேண்டும். புழு தின்றால்தான் வேலை செய்யும், சாகச் சில நாள் ஆகும். மறுநாளே புழு நெளிகிறதே என்று வேறு மருந்துக்கு ஓடாதீர்கள். வளர்ந்த புழுவுக்கு இந்த அளவு போதாது.